கையைத் தடுக்கும் தெய்வம்: விக்காவும் கொல்லிமலையும்

1900ஆம் ஆண்டு, பதினாறு வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவர் இலங்கையின் மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலை பழக வந்தார். அவர் பெயர் ஜெரால்ட் கார்ட்னர். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போன தமிழர்கள். அரை நூற்றாண்டு கழித்து விக்கா என்னும் புதிய சமயத்தை உலகுக்கு அறிவித்தவர் இந்தக் கார்ட்னர்தான். நிலவையும் பருவங்களையும் வணங்கும் சமயம் அது. பெண் தெய்வத்தை முன்னிறுத்தும் சமயம். தன்னைச் சூனியக்காரிகளின் பழைய வழி என்று சொல்லிக்கொண்ட சமயம்.

அதே சேலத்தை அடுத்து, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் எழுந்து நிற்கிறது கொல்லிமலை. அங்கே பெண் தெய்வம் உண்டு. வெட்டக் கூடாத சோலை உண்டு. பருவத்தோடு சுழலும் விழாக்களும் உண்டு. இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'விக்கா சொல்வதைத்தானே நம் மலைமக்கள் ஆயிரம் ஆண்டாகச் செய்கிறார்கள்' என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்வது இரு வழிபாடுகளையும் புரிந்துகொள்ள உதவாது. இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து, பிறகு ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். என் அளவுகோல் இது: இயற்கையை வணங்குகிறேன் என்று சொல்லும் ஒரு சமயம், வணங்குபவரின் கையை எந்த இடத்தில் தடுக்கிறது?

பிறந்த கதை

கார்ட்னர் 1884இல் லிவர்பூலுக்கு அருகே பிறந்தார். இலங்கையில் தேயிலையும் ரப்பரும் வளர்த்தார். 1908இல் போர்னியோவுக்கும் பின்னர் மலாயாவுக்கும் போனார். அங்கே சுங்க அதிகாரியாக இருந்தபோது மலாய் மக்களின் மந்திர வழக்கங்களிலும் கிரிஸ் என்னும் வளைந்த கத்தியிலும் ஈடுபாடு கொண்டு, 1936இல் மலாய் ஆயுதங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். விக்காவின் சடங்குக் கத்தியில் அந்த ஈடுபாட்டின் சாயலைக் காண்போர் உண்டு.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியபின் தென்கரையில் ஒரு மறைஞானக் குழுவோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அந்த வட்டத்தில் இருந்தவர்களுள் ஒருவர் மேபல் பெசன்ட் ஸ்காட், அன்னி பெசன்ட்டின் மகள். சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபைக்கு 1907 முதல் 1933இல் மறையும்வரை தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட். கர்மம், மறுபிறப்பு ஆகிய கருத்துகளை மேற்குலகின் பொதுமக்களிடம் கொண்டுபோனதில் அந்தச் சபைக்குப் பெரும்பங்கு உண்டு. விக்காவில் மறுபிறப்பு நம்பிக்கை இடம்பெற்றதற்கு இந்தப் பின்னணி முக்கியமானது.

1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் பழைய சூனியக்காரிகளின் குழு ஒன்று தமக்குத் தீட்சை கொடுத்தது என்றார் கார்ட்னர். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்ததால், 1949இல் தம் சடங்குகளை ஒரு நாவலுக்குள் மறைத்துப் புனைபெயரில் வெளியிட்டார். 1951இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1954இல் 'இன்றைய சூனியம்' என்ற பொருள்படும் தலைப்பில், தம் பெயரிலேயே நூலை வெளியிட்டார். 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்ட் என்னும் பெண் கவிஞர் சடங்கு நூலைத் திருத்தி எழுதி, விக்காவின் தெய்வ வாக்குக்கு அழகிய வடிவம் தந்தார். சமயத்தின் சட்டகம் கார்ட்னருடையது என்றால், அதன் மொழி பெருமளவு வேலியன்ட்டுடையது.

நம்பிக்கைகள்

விக்காவுக்கு ஒரே வேதநூல் இல்லை; தலைமைப் பீடமும் இல்லை. ஆனாலும் சில நம்பிக்கைகள் பெரும்பாலோருக்குப் பொது. தெய்வம் பெண்ணாகவும் ஆணாகவும் விளங்குகிறது. பெண் தெய்வத்தைக் கன்னி, தாய், மூதாட்டி என்று மூன்று நிலைகளில் காண்கிறார்கள். வளர்பிறை, முழுநிலவு, தேய்பிறை அந்த நிலைகளின் அடையாளங்கள். இந்த மும்மை உருவம் பரவியதில் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் வெளியிட்ட 'வெண்தேவி' பற்றிய நூலுக்குப் பங்குண்டு. ஆண் தெய்வம் கொம்புடையவன். காட்டுக்கும் வேட்டைக்கும் உரியவன். தெய்வம் உலகுக்கு வெளியே இல்லை, மண்ணிலும் மரத்திலும் உடலிலும் உறைகிறது என்பது இந்த நம்பிக்கைகளின் அடித்தளம்.

அறவழியில் விக்காவின் அடிப்படை விதி ஒன்றுதான்: பிறர்க்குத் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி நட. செய்வது எதுவாயினும் மும்மடங்காகச் செய்தவரிடம் திரும்பும் என்பது துணைவிதி. பில்லி, ஏவல் என்று நம்மூரில் அஞ்சப்படும் தீவினை மந்திரத்துக்கு இந்த அறத்தில் இடமில்லை. கிறித்தவம் சொல்லும் சாத்தானையும் விக்கர்கள் நம்புவதில்லை, வணங்குவதுமில்லை. மேற்கில் இவர்கள்மீது சுமத்தப்பட்ட பழிகளில் பெரும்பகுதி இந்த ஒரு செய்தி தெரியாததால் வந்தது.

சடங்குகள்

கோவன் எனப்படும் சிறு குழுவாகக் கூடி வழிபடுவது கார்ட்னர் வகுத்த முறை. வழக்கமாகப் பதின்மூன்று பேர் வரை சேரலாம். மூன்று படிகளில் தீட்சை. தலைமையில் ஒரு பூசாரியம்மையும் ஒரு பூசாரியும். பூசாரியம்மைக்கே முதலிடம். நிலத்தில் ஒரு வட்டம் வரைந்து, நான்கு திசைகளையும் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் அழைத்து, அந்த வட்டத்தைத் தற்காலிகக் கோயிலாக்கிக்கொள்கிறார்கள். கத்தி, கிண்ணம், கோல், ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த தட்டு ஆகியவை சடங்குப் பொருள்கள். முழுநிலவு இரவில் தெய்வத்தைப் பூசாரியம்மையின் மேல் இறங்கச் செய்து, அவள் வாயால் தெய்வம் பேசக் கேட்பது உச்சச் சடங்கு. சாமியாடியையும் மருளாளியையும் கண்டு வளர்ந்த தமிழருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆண்டுக்கு எட்டு விழாக்கள். இரண்டு கதிர்த்திருப்பங்கள், இரண்டு சமபகலிரவு நாள்கள், அவற்றுக்கு இடையே நான்கு. அக்டோபர் 31இல் இறந்தோரை நினைப்பார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் வசந்தத்தின் முதல் அறிகுறியை வரவேற்பார்கள். மே முதல் நாள் வளமைக்கு; ஆகஸ்ட் முதல் நாள் முதல் அறுவடைக்கு. இந்தச் சக்கரம் வட ஐரோப்பாவின் தட்பவெப்பத்தில் சுழல்வது. ஆஸ்திரேலிய விக்கர்கள் பலர் அதை ஆறு மாதம் திருப்பிவைத்துக் கொண்டாடுகிறார்கள். நிலத்துக்கு ஏற்ப நாள்காட்டி மாற வேண்டும் என்ற உணர்வு அவர்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருவர் அந்த நாள்காட்டியை அப்படியே பின்பற்றினால், வடகிழக்குப் பருவமழை கொட்டி விதைப்பு நடக்கும் ஐப்பசியில், இலை உதிர்ந்து நிலம் உறங்கப் போவதைக் கொண்டாட நேரும்.

1960களில் அமெரிக்காவுக்குப் போன விக்கா அங்கே பெண்ணிய இயக்கத்தோடு கலந்தது. 1979இல் வெளிவந்த, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டார்ஹாக்கின் 'சுழல் நடனம்' என்னும் நூல் பல்லாயிரம் பேரை இவ்வழிக்கு ஈர்த்தது. தனியாளாகவே தீட்சை எடுத்துக்கொள்வோர் பெருகினர். 1986இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விக்காவை ஒரு சமயமாக ஏற்றது. 2007 முதல் அந்நாட்டு வீரர்களின் கல்லறைகளில் ஐந்துமுனை நட்சத்திரம் பொறிக்க அனுமதி கிடைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை விக்கர் என்று எழுதியோர் 11,766 பேர்.

தொன்மை என்னும் வாதம்

கார்ட்னரின் 1954ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை தந்தவர் மார்கரெட் மரே. 1863இல் கல்கத்தாவில் பிறந்து, எகிப்தியல் அறிஞராகப் பெயர்பெற்றவர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் கிறித்தவத்துக்கு முந்திய ஒரு சமயத்தைக் காத்துவந்தவர்கள் என்று 1921இல் அவர் எழுதினார். விக்காவின் தொன்மைக் கதை முழுவதும் இதன்மேல் கட்டப்பட்டது. பின்வந்த வரலாற்றாய்வாளர்கள் இதைத் தள்ளிவிட்டார்கள். விசாரணை ஆவணங்களில் அப்படி ஒரு சமய அமைப்புக்குச் சான்று இல்லை. அந்தக் கொடுமையில் மடிந்தவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர்; அவர்களில் மிகப்பலர் அக்கம்பக்கத்தார் பழிசுமத்திய எளிய பெண்கள். வரலாற்றாய்வாளர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, விக்கா இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான சமயம் என்பதைத் தெளிவாக நிறுவியது.

இந்த முடிவு விக்காவைச் சிறுமைப்படுத்திவிடவில்லை. இன்றைய விக்கர்கள் பலர் இதை ஏற்றுக்கொண்டு, புதிய சமயமாகவே அதை வாழ்கிறார்கள். பழமை இல்லாத வழிபாடு பொய் என்றாகிவிடாது. பழமை இருப்பதாலேயே ஒரு வழிபாடு மெய்யாகிவிடுவதும் இல்லை. இதே கண்டிப்போடுதான் கொல்லிமலையையும் பார்க்க வேண்டும்.

பாவையும் அம்மனும்

கொல்லிமலையின் பெண் தெய்வத்துக்குச் சங்க இலக்கியச் சான்று உண்டு. பரணரும் கபிலரும் கொல்லிப்பாவையைப் பாடியிருக்கிறார்கள். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அது வருகிறது. தெய்வம் மேற்கு மலையில் எழுதிய பாவை என்கிறது ஒரு பாடல். பூதம் செய்தது என்கிறது இன்னொன்று. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் அழகு குன்றாதது என்பது நற்றிணையின் 201ஆம் பாடல் தரும் செய்தி. அந்தப் பாடல்களில் பாவை தலைவியின் அழகுக்கு உவமை. சிரித்து மயக்கிப் பகைவரைக் கொல்லும் பொறி என்ற கதை பிற்கால மரபில் ஓங்கி வளர்ந்தது. இன்று எட்டுக்கை அம்மன் கோயிலின் தெய்வமே கொல்லிப்பாவை என்று மலைமக்கள் நம்புகிறார்கள்.

இதிலிருந்து நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? இந்த மலை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெண்ணுருவத் தெய்வத்தோடு சேர்த்து நினைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய பாவைக்கு நடந்த வழிபாடுதான் இன்று அம்மனுக்கு நடக்கிறது என்று அந்தப் பாடல்களைக் கொண்டு நிறுவ முடியாது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி வரலாறே, தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று பிரிந்து குடியேறியவர்கள் என்றும் சொல்கிறது. 1909இல் இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். வந்தேறிய மக்கள் மலையின் தெய்வத்தைத் தம் தெய்வமாக்கிக்கொண்டார்கள் என்றால், அதுவும் பெருமைக்குரிய வரலாறுதான். ஒரு நிலத்துக்கு வந்து, அதன் தெய்வத்துக்குக் கட்டுப்பட்டு, அந்த நிலத்தின் மக்களாகிவிட்டார்கள்.

இந்த மலையின் சமயம் ஒற்றைச் சமயமும் அல்ல. பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஐயாற்றின் ஆகாயகங்கை அருவி, சித்தர்கள் தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகைகள், மாசிக்குன்றின் மேல் மாசி பெரியசாமி. பெரியசாமி மலைமக்களுக்கு மட்டும் உரியவரல்ல. சமவெளியில் பல சமூகங்களுக்குக் குலதெய்வம். கிடாயும் சேவலும் பலி பெறும் சாமியும், தேவாரத்தில் பெயர் சொல்லப்படும் சிவனாகிய அறப்பளீசுவரரும், எட்டுக்கை அம்மனும் ஒரே மலையில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். வணங்குவோர் ஒருவரை விட்டு ஒருவரிடம் போவதில்லை.

நாள்காட்டியும் நிலத்தின் போக்கிலேயே அமைந்தது. தையில் பொங்கலும் எருதாட்டமும். ஆடிப் பதினெட்டில் அருவியில் நீராடலும் அறப்பளீசுவரர் தரிசனமும். அதே நாள்களில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசு எடுக்கும் விழா. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கும் பருவத்தையும் அறுக்கும் பருவத்தையும் ஒட்டியே ஊர்ச்சாமிக்குப் பொங்கல் வைப்பது நடந்துவந்திருக்கிறது. விக்கர் நூல் படித்து அறிந்துகொள்ளும் பருவச் சக்கரத்தை மலையாளிக் குடும்பம் களத்துமேட்டில் அறிந்துகொள்கிறது.

வெட்டாத காடு

என் கேள்விக்குக் கொல்லிமலை தரும் வலுவான பதில் அதன் கோயில் காடுகள். கூரையில்லாத சாமி, சில கற்கள், வேல்கள், சுடுமண் உருவங்கள், சுற்றிலும் ஓங்கிய மரங்கள். உள்ளே செருப்போடு போகக் கூடாது. அரிவாள் படக் கூடாது. பல சோலைகளில் விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கக் கூடாது. மீறினால் சாமி கேட்கும் என்ற அச்சம். அந்த அச்சத்தின் நிழலில் மூலிகையும், ஊற்றும், வேறெங்கும் அழிந்துவிட்ட மரவகையும் பிழைத்திருக்கின்றன.

இந்தியக் கோயில் காடுகளைப் பற்றிய ஆய்வில் சூழலியலாளர் மாதவ் காட்கிலும் தாவரவியலாளர் வி. டி. வர்தக்கும் 1970களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் செய்த பணி வழிகாட்டியானது. வேட்டையும் காடுபடுபொருளும் வாழ்வாக இருந்த காலத்தின் தாய்த்தெய்வ வழிபாட்டோடு இவற்றுக்கு உறவுண்டு என்பது வரலாற்றறிஞர் டி. டி. கோசாம்பியின் கருத்து. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கோயில் காடுகளையும் சிறுதானிய வகைகளையும் ஆவணப்படுத்தி, ஊர் விதை வங்கிகளை ஏற்படுத்தியது.

ஆனால் இந்த வேலி உடையாதது அல்ல. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. சாமை விளைந்த நிலத்தை அது பிடித்துக்கொண்டது. சில்வர் ஓக் மரமும் மிளகும் காப்பியும் காட்டின் இடத்துக்கு வந்தன. மலையின் மேல் அலுமினியத்துக்காகப் பாக்சைட் தோண்டப்பட்டது. இவற்றோடு இன்னொரு அழிவு பக்தியின் பெயராலேயே வருகிறது. கூரையில்லாத சாமிக்குச் சிமெண்டு மண்டபம் எழும்பும்போது, அதற்காகச் சுற்றியுள்ள மரங்கள் வெட்டப்படுகின்றன. இந்தியா முழுவதும் கோயில் காடுகள் சுருங்குவதற்கு இது ஒரு காரணம். சாமி பெரிதாகிச் சோலை சிறிதாகும்போது, வழிபாடு தன் உயிரையே இழக்கிறது.

விக்காவின் பதில் வேறு வகை. வட்டத்தை எங்கும் வரையலாம். சடங்கு முடிந்தால் கலைத்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட மரத்தை வெட்டாதே என்று அந்த வட்டம் யாரையும் தடுப்பதில்லை. இது அதன் பலவீனம். ஆனால் ஸ்டார்ஹாக்கும் அவர் தோழர்களும் 1981இல் கலிபோர்னியாவின் டியாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். மண் தெய்வம் என்ற நம்பிக்கை அங்கே கடமையாயிற்று. மரபு கட்டிவைக்காத கையைத் தாமே முன்வந்து கட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

பெண்ணின் இடம்

அளவுகோலை மறுபக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். விக்காவில் பெண்ணே தலைமைப் பூசாரி. தீட்சைக்கும் பூசைக்கும் அவள் உடல் தடையாவதில்லை. நம்மிடம் தெய்வம் பெண். ஆனால் தமிழகத்தின் பல கோயில் காடுகளில் மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் நுழைய முடியாது. சிலவற்றில் எப்போதுமே முடியாது. எட்டுக் கையோடு அம்மன் வீற்றிருக்கும் மரபுக்கு இது பெருமை சேர்க்காது. இந்த இடத்தில் எழுபதாண்டுச் சமயத்திடம் கற்றுக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை.

இதைவிடக் கொடியது இன்னொன்று. மேற்கில் ஒருத்தி தன்னைச் சூனியக்காரி என்று துணிந்து அழைத்துக்கொள்கிறாள். இந்தியாவிலோ ஒருத்தியைப் பிறர் அப்படி அழைத்து அடித்துக் கொல்கிறார்கள். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அஸ்ஸாம் மாநிலங்களில் விதவைகளும் நிலம் வைத்திருக்கும் தனிப்பெண்களும் இந்தப் பழிக்கு இரையாகிறார்கள். பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச்சட்டம் இயற்றின. ஒடிசா, ராஜஸ்தான், அஸ்ஸாம் பின்தொடர்ந்தன. அஸ்ஸாமில் இந்தக் கொடுமையை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடிய பிருபாலா ரபாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கொல்கத்தாவில் இப்சிதா ராய் சக்ரவர்த்தி 1980களில் தம்மை விக்கர் என்று வெளிப்படையாக அறிவித்து, வங்கக் கிராமங்களில் பழிசுமத்தப்பட்ட பெண்களுக்காகப் பேசினார். ஒரு பெண்ணின் அறிவும் மருந்தும் மந்திரமும் போற்றத்தக்கவை என்று அவர் சொன்னது, அந்தச் சொல்லாலேயே பெண்கள் சாகும் நாட்டில் எளிய செயல் அல்ல.

எதைக் கற்றுக்கொள்ளலாம்

விக்கா தேர்வின் சமயம். கொல்லிமலையின் வழிபாடு கட்டுப்பாட்டின் சமயம். நிலத்தையும் குலத்தையும் இழந்த நகர மனிதர் தேடிக் கண்டடைந்தது முன்னது. நிலத்தோடும் குலத்தோடும் பிணைந்தவர் மீற முடியாமல் காப்பது பின்னது. முன்னதன் சமத்துவம் பின்னதற்கு வேண்டும். பின்னதன் இடப்பற்று முன்னதற்கு வேண்டும். இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் கலப்பது இரண்டுக்கும் இழப்பு. மேற்கின் சில குழுக்கள் காளியைத் தம் வட்டத்துக்குள் அழைப்பதைப் போல, நாளை எட்டுக்கை அம்மனையும் யாரேனும் அழைக்கலாம். அவள் பெயரை எடுத்துக்கொள்வோர் அவள் சோலையின் விதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கையில் உள்ள வேலையோ இன்னும் நெருக்கமானது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் மரபுத் தலங்களை அறிவிக்க முடியும். 2022இல் மதுரை அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாயிற்று. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில் காடு இரண்டாவதாயிற்று. ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சோலைக்கு இந்தத் தகுதி கிடைக்கும் என்றால், கொல்லிமலையின் சோலைகளுக்கும் கேட்கலாம். அதற்கு முன், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தரும் உரிமைகளை மலையாளி ஊர்கள் முழுமையாகப் பெற வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் சோலையை ஊராரிடமிருந்து பிடுங்கிவிட்டால், அதைக் காத்துவந்த அச்சமும் அன்பும் ஒருசேரப் போய்விடும். சோலையின் எல்லையையும் விதியையும் ஊரே எழுதட்டும். அப்படி எழுதும் சபையில் பெண்களும் சமமாக உட்காரட்டும். சாமிக்கு ஏதேனும் செய்ய நினைக்கும் சமவெளிக் குடும்பங்கள் மண்டபம் கட்டக் கொடுக்கும் பணத்தை, சோலை ஓரத்தில் அழிந்த மரவகையை மீண்டும் நடக் கொடுக்கட்டும்.